மணிச்சட்டம்: இரண்டு வருடம் உருட்டிய பிறகு

மகளுக்கு மூன்று வயதானபோது வாங்கியது. பத்துக் கம்பி, கம்பிக்குப் பத்து மணி, மொத்தம் 100. இப்போது அவளுக்கு ஐந்து.

வாங்கும்போதே இருபது வரை கடகடவென்று ஒப்பிப்பாள். எண்ணத் தெரியும் என்றே நினைத்திருந்தோம். ஐந்து பொத்தானைத் தரையில் பரப்பி எண்ணச் சொன்னால் விரல் ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். எண்ணியதையே திரும்ப எண்ணி ஏழில் போய் நிற்பாள். சட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. தள்ளிய மணி அந்தப் பக்கம், தள்ளாதது இந்தப் பக்கம். ஒரு மணிக்கு ஒரு சொல் என்பது மூன்றே வாரத்தில் பிடிபட்டுவிட்டது.

அடுத்ததுதான் இழுத்தது. நான்கு மணியைச் சரியாக எண்ணித் தள்ளுவாள். "சரி, மொத்தம் எத்தனை கண்ணு?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியில் சொன்ன எண்தான் மொத்தத்துக்கும் கணக்கு என்பது புரிய ஐந்தாறு மாதம் ஆனது. இதில் சட்டம் பெரிதாக உதவவில்லை. "மூணு குடு" என்று கேட்டு வாங்கும் விளையாட்டுதான் உதவியது. கம்பியில் கோத்த மணியை எப்படிக் கழற்றிக் கொடுப்பது? பழையபடி பொத்தான்தான்.

பெரிய குறை, கம்பிக்கு ஒரே நிறம். பார்க்க அழகுதான். ஆனால் எண்ணாமல் கண்ணாலேயே சொல்ல முடிவது மூன்று, நான்கு வரைதான். ஏழா எட்டா என்று எனக்கே தடுமாறும். ஒவ்வொரு கம்பியிலும் ஆறாவது மணியிலிருந்து மார்க்கரால் கறுப்புப் புள்ளி வைத்தேன். அப்புறம்தான் "அஞ்சும் ரெண்டும் ஏழு" என்று பார்த்ததும் சொல்ல ஆரம்பித்தாள். வாங்குவதானால் ஐந்துக்கு ஐந்து நிறம் மாறுவதாகப் பாருங்கள்.

இரண்டாம் வருடத்தில்தான் கொடுத்த காசுக்கு வேலை செய்தது. இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்திப் பத்து" என்றாள். பெயர்தான் தப்பு, கணக்கு சரி! மூன்று கம்பி நிறைந்திருப்பதைக் காட்டி முப்பது என்றேன். முப்பத்திரண்டு என்றால் பத்துகளும் ஒன்றுகளும் காதிலேயே தனித்தனியாக விழுகின்றன. கம்பியும் அதையேதான் காட்டுகிறது. தொண்ணூறு மட்டும் சண்டித்தனம் செய்தது. அவளுக்கு அது நெடுநாள் "ஒம்பப்பது"தான்.

சில மணிகளில் சாயம் போய்விட்டது. ஏழாவது கம்பி வளைந்து மணி சிக்குகிறது. அதனால் அறுபதைத் தாண்டினால் எழுபது வரை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறோம்.