ஐரிஷ் பூர்வீகம் தேடித் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை

என் கணவர் வீட்டார் ஐந்து தலைமுறையாக பாஸ்டனில் இருக்கும் ஐரிஷ் குடும்பம். "எங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடுவேன் போல" என்று மாமியார் அடிக்கடி சொல்வார். போன வருடம் அவருக்கு 75 வயது. பரிசாக இருக்கட்டும் என்று, பூர்வீகம் தேடித் தரும் ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். அந்த நிறுவனத்தைப் பிடித்தது நான்தான் என்பதால் இந்தப் பதிவையும் நானே எழுதுகிறேன்.

முன்பணம் 600 டாலர், ரிப்போர்ட் வந்ததும் 900. "ஊரைக் கண்டுபிடிக்காமல் விடவே மாட்டோம்" என்றார் போனில் பேசியவர். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆறு வாரத்தில் தோல் அட்டை போட்ட நாற்பது பக்கப் புத்தகம் வந்தது. அயர்லாந்தின் பெரும் பஞ்சம் தொடங்கி நாலாவது வருடம், 1849இல், கெர்ரி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு சின்னக் கிராமத்திலிருந்து தாத்தா கிளம்பினாராம். மாமியார் மே மாதமே அயர்லாந்து போனார். கூரையில்லாத ஒரு கல்வீட்டின் முன் நின்று அழுதார். அங்கிருந்து ஒரு பிடி மண்ணை மிட்டாய் டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தார்.

குட்டு உடைந்தது நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில். நூலகத்தில் வேலை பார்க்கும் கணவரின் அத்தை மகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், 9ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். அடிக்குறிப்பில் "1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கெர்ரி" என்று இருந்தது. "இது இவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?" என்றார்.

அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது, 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி அதோடு போயிற்று. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அதற்கு முன்பு அழித்துவிட்டிருந்தது. முழுதாகக் கிடைப்பவற்றில் பழையது 1901, அடுத்தது 1911. இரண்டையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 1841இல் ஏதோ துண்டு துணுக்குகள் தப்பின, கெவன் கவுண்டியில் ஒரு வட்டாரத்தைப் போல. கெர்ரி தாத்தாவுக்கு அது உதவாது.

நிறுவனத்திடம் கேட்டோம். முதலில் "தனியார் சேகரிப்பில் கிடைத்தது" என்றார்கள். எந்தச் சேகரிப்பு என்று கேட்டதும் "அச்சுப்பிழை" என்றார்கள். அப்புறம் பதிலே இல்லை.

மிச்சத்தையும் கிளறினோம். அவர்கள் காட்டிய கப்பல் பட்டியலில் தாத்தாவின் பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துப் பட்டியல்களில் பெரும்பாலும் பெயர், வயது, தொழில், "அயர்லாந்து" என்பதோடு சரி, ஊர் இருக்காது. அவர் பெயரோ நம்மூரில் முருகேசன் மாதிரி, தடுக்கி விழுந்தால் ஒருவர். வயது கிட்டத்தட்டப் பொருந்திய ஒருவரைப் பிடித்து, கெர்ரியில் அதே பெயருள்ள குழந்தையோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். நடுவில் இருந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்த 1841. குடும்பச் சின்னம் என்று 120 டாலருக்குத் தனியாகச் சட்டம் போட்டுக் கொடுத்ததும் வெறும் அலங்காரம்தான். அந்தச் சின்னங்கள் தனி ஆளுக்கு வழங்கப்பட்டவை. அதே பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் அதில் பாத்தியதை கிடையாது.

பிறகு அத்தை மகளும் நானும் உட்கார்ந்தோம். பாஸ்டனில் 'பைலட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை, தொலைந்துபோன சொந்தங்களைத் தேடும் விளம்பரங்களைப் போட்டது. ஊர், திருச்சபை வட்டாரம், வந்திறங்கிய வருடம் எல்லாம் அதில் இருக்கும். கப்பல் பட்டியலில் இல்லாதது அத்தனையும். லோவல் ஊர் ஆலையில் வேலை செய்த ஓர் அக்கா, தாத்தாவின் பெயருள்ள தன் தம்பியைத் தேடிப் போட்ட விளம்பரம் மாட்டியது. கவுண்டி ராஸ்காமன்! அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. மை கசிந்த லத்தீன் எழுத்தில் தம்பியின் ஞானஸ்நானம், மூன்று வருடம் முன்னால் அக்காவினுடையது, இரண்டிலும் அதே தாய் தகப்பன். இவர்தான் என்று சத்தியம் செய்ய மாட்டோம். ஆனால் அக்கா பெயரும் பொருந்துகிறது, மாமியார் வீட்டுப் பழைய கடிதம் ஒன்றிலும் அந்தப் பெயர் இருக்கிறது.

பணம் திரும்பக் கேட்டதற்கு, "கட்டணம் ஆராய்ச்சிக்குத்தான், முடிவுக்கு அல்ல" என்று ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். நேர்மையானவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள், அதில் தப்பில்லை. அவர்கள் கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு தகவலுக்கும் மூல ஆவணத்தின் படத்தைக் கொடுங்கள் என்று முதல் நாளே கேளுங்கள். நான் கேட்கவில்லை. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்து 900 டாலர் வந்தது. முன்பணம் கொடுத்துக் காலம் கடந்துவிட்டதாம், அது போனது போனதுதான்.

ராஸ்காமன் போகலாமா என்று மாமியாரிடம் கேட்டேன். "அந்தப் பதிவேட்டை முதலில் பெரிதாக்கிக் காட்டு" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.