டிராகன் டாக்கிங் சிமுலேட்டர்: நிலையத்தை நாலு தடவை இடித்த பிறகு எழுதுவது

2020 மே மாதம் நாசா வீரர்கள் டக் ஹர்லியும் பாப் பென்கனும் டிராகன் விண்கலத்தில் ஏறிப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஸ்பேஸ்எக்ஸ் இணையத்தில் விட்ட சிமுலேட்டர் இது. எனக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது. இலவசம், பிரவுசரிலேயே ஓடுகிறது. வீரர்கள் கையால் ஓட்ட வேண்டி வந்தால் பார்க்கிற அதே திரைதான் நமக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுசாகப் போயிற்று.

ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளிக் கோணலாக நிற்கிற கலத்தை நேராக்கி, சர்வதேச விண்வெளி நிலையத்தோடு பொருத்த வேண்டும் (அதுதான் டாக்கிங்), அவ்வளவுதான் வேலை. பச்சை எண்கள் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும், நீல எண்கள் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று. நடுவில் இருக்கிற பச்சை எல்லாம் 0.2-க்குக் கீழே வந்தால் ஜெயித்தாயிற்று.

பைக் ஓட்டின கை, பொத்தானை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும் என்று நினைத்தது. நிற்காது. அங்கே உராய்வு என்று ஒன்று இல்லை, இடப்பக்கம் ஒரு தட்டு தட்டினால் வலப்பக்கம் அதே அளவு தட்டுகிற வரை கலம் போய்க்கொண்டே இருக்கும், அதைச் சரிசெய்யப் போய் ரெண்டு தட்டு கூடத் தட்டி, அதற்கும் ஒரு மாற்று தேடி... சூரியத் தகடு முகத்துக்கு நேரே வந்துவிடும். ஐந்தாவது தடவைதான் தேறினேன். முதலில் கலம் சாய்வது, மேல்கீழாகத் திரும்புவது, இடவலமாகத் திரும்புவது என்ற மூன்று திரும்பலையும் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம் அதைத் தொடவே தொடாதீர்கள். மேல்கீழ், பக்கவாட்டு சரியான பிறகுதான் முன்னே நகர வேண்டும்.

ஒரு குறை. நிஜத்தில் முன்னோக்கித் தள்ளினால் சுற்றுப்பாதையே மாறிவிடும். இதில் அந்தக் கணக்கு இல்லை, எல்லாம் நேர்கோடு. சரி, 200 மீட்டருக்குள் அது பெரிய விஷயமில்லை.

நிஜ டிராகன் தானாகவே பொருந்திக்கொள்ளும், ஹர்லி சோதனைக்காகக் கொஞ்ச நேரம் கையால் ஓட்டிவிட்டுக் கம்ப்யூட்டரிடமே திருப்பிக் கொடுத்தார். 1967-லேயே சோவியத்தின் காஸ்மாஸ் 186, 188 கலங்கள் ரெண்டும் ஆளில்லாமல் இணைந்திருக்கின்றன. 2025 ஜனவரியில் நம்ம இஸ்ரோ ரெண்டு செயற்கைக்கோள்களை இணைத்துப் பார்த்த ஸ்பேடெக்ஸ் சோதனையில் அவை 3 மீட்டர் வரை நெருங்கிவிட்டுப் பின்வாங்கியபோது 'இவ்வளவு கிட்டப் போய் என்னப்பா தயக்கம்' என்று சலித்துக்கொண்டவன் நான். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆட்டம் சுலபமாகிவிட்டதா? தூரம் காட்டுகிற எண்ணின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு ஆடுங்கள். 1997 ஜூனில் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் அதன் தளபதி சிப்லியெவ் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தார்: தூரம் சொல்லும் ரேடார் அணைக்கப்பட்டிருக்க, டிவி படத்தை மட்டும் பார்த்து புரோகிரஸ் சரக்குக் கலத்தை ஓட்ட வேண்டியிருந்தது, அது போய் நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் மோதி ஓட்டை விழுந்தது. காகிதம் ஒட்டி நான் ஆறு தடவை ஆடிவிட்டேன், ஒன்றுகூடப் பொருந்தவில்லை.