நகரங்களைப் பெருக்குவதா, இருப்பதை வளர்ப்பதா: சிவிலைசேஷன் 5, 6 ஓர் ஒப்பீடு

பேரரசு கட்டி வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் ஆடுபவர்களிடையே ‘டால்’ (உயரம்), ‘வைட்’ (அகலம்) என்ற இரு சொற்கள் ஓயாமல் அடிபடும். நான்கைந்து நகரங்களோடு நிறுத்திக்கொண்டு அவற்றின் மக்கள்தொகையைப் பெருக்குவது டால். கிடைத்த இடத்திலெல்லாம் புதிய நகரம் அமைத்துக்கொண்டே போவது வைட். இதை ஆடுபவரின் சுபாவமாகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த நகரத்துக்கும் அடுத்த குடிமகனுக்கும் விளையாட்டு என்ன விலை வைத்திருக்கிறது என்று பார்த்தாலே விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். 2010-இல் வந்த ஐந்தாம் பாகமும் 2016-இல் வந்த ஆறாம் பாகமும் இந்த விலையை நேரெதிராக வைத்திருக்கின்றன.

ஐந்தாம் பாகத்தில் மகிழ்ச்சி என்பது பேரரசு முழுவதற்கும் பொதுவான கணக்கு. ஒரு குடிமகன் அதில் 1 புள்ளியைக் குறைக்கிறான் என்றால், ஒரு நகரம் அமைந்த மாத்திரத்திலேயே 3 புள்ளிகளைக் குறைக்கிறது. 2013-இல் வெளிவந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கம், வழக்கமான அளவுள்ள வரைபடத்தில், ஒவ்வொரு கூடுதல் நகரத்துக்கும் தொழில்நுட்பங்களின் விலையை 5 சதவீதம் உயர்த்தியது. அறிவியலோ தலைக்கு இத்தனை என்று கிடைக்கிறது; நூலகம்கூட இரண்டு குடிமக்களுக்கு ஒரு புள்ளி என்றுதான் கூட்டுகிறது. போதாக்குறைக்கு, டிரடிஷன் கொள்கை தரும் இலவசக் கட்டடங்கள் முதல் நான்கு நகரங்களோடு நின்றுவிடுகின்றன. இத்தனைக்கும் பிறகு ஐந்தாவது நகரத்தைப் பெரும்பாலோர் தவிர்ப்பதில் வியப்பில்லை.

ஆறாம் பாகத்தில் அறிவியலின் பெரும்பகுதி தலைக்கணக்கில் வருவதில்லை. கேம்பஸ் என்ற அறிவியல் டிஸ்ட்ரிக்ட்டும் (நகரத்தில் ஒரு பணிக்கென்றே கட்டும் தனிப் பகுதி) அதில் எழும் நூலகமும்தான் அதைத் தருகின்றன. நகரத்தில் மூன்று பேர் இருந்தாலும் பதின்மூன்று பேர் இருந்தாலும் நூலகம் கொடுப்பது அதே 2 புள்ளிகள். ஒரு நகரத்தில் மக்கள்தொகை 1 இருக்கும்போதே முதல் டிஸ்ட்ரிக்ட்டைக் கட்டலாம். அடுத்தடுத்தவற்றுக்கு 4, 7, 10 என ஏற வேண்டும். இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. 7-இல் நிற்கும் தலைநகரம் நான்காவது டிஸ்ட்ரிக்ட்டுக்காக 10-ஐ எட்ட வேண்டுமானால் சுமார் 268 உணவுப் புள்ளிகளைச் சேமித்தாக வேண்டும். புதிய நகரத்துக்கு முதல் டிஸ்ட்ரிக்ட்டுக்கான இடம் உணவே இல்லாமல் கிடைக்கிறது. அது 4 பேராக வளர்ந்து இரண்டாவது இடத்தைப் பெறவும் ஏறக்குறைய 72 புள்ளிகள் போதும். கால்வாசிச் செலவில் இரண்டு இடங்கள் கிடைக்கும்போது, மலையடிவாரத்தில் ஒரு நகரம் போட்டு அங்கே கேம்பஸ் கட்டாமல் தலைநகரத்துக்கே உணவைக் குவித்துக்கொண்டிருப்பதை என்னால் நியாயப்படுத்த முடிவதில்லை.

தலைநகரம் எல்லையின்றி வளர்வதும் இல்லை. நன்னீர்க் கரையில் அமைந்த நகரத்துக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் வீட்டுவசதி 5. நீரே இல்லாத இடத்தில் அமைந்ததற்கு 2. மக்கள்தொகை அந்த வரம்புக்கு ஒன்று குறைவாக இருக்கும்போதே வளர்ச்சி வேகம் பாதியாகிவிடுகிறது. ஆற்றங்கரை நகரம் 4-ஐத் தொட்டதும் முடங்குகிறதே என்று நொந்துகொள்வதைவிட, அந்த நேரத்தில் புதிய நகரம் அமைக்கும் செட்லர் ஒன்றை உருவாக்கிவிடுவது மேல். ஒரு குடிமகன் குறைவான் என்றாலும், வரம்பிலிருந்து விலகியதால் வளர்ச்சி பழைய வேகத்துக்குத் திரும்பி, குறைந்ததை விரைவிலேயே ஈடுகட்டும்.

வைட் இலவசமாக வருவதும் அல்ல. ஒவ்வொரு செட்லரும் முந்தையதைவிட விலை கூடிக்கொண்டே போகும். ஒரு ஆடம்பரப் பொருள் நான்கு நகரங்களுக்கு மட்டுமே மக்களை மகிழ்விக்கும் வசதியைத் தரும். துணைக்குப் படை அனுப்பாமல் செட்லரைக் காட்டுமிராண்டிகளிடம் பறிகொடுத்துவிட்டு, பத்துச் சுற்றுகளின் உழைப்பு போனதை வெறித்துப் பார்த்த அனுபவம் எனக்கு ஒருமுறைக்கு மேல் உண்டு. உலக அதிசயங்களைக் குறிவைத்து ஆடுபவருக்கு உற்பத்தி மிகுந்த ஒரு பெரிய நகரம் தேவை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றைச் சுற்றிப் பத்துச் சிறு நகரங்கள் இருப்பது அதற்குத் தடையே அல்ல.

2025-இல் வந்த ஏழாம் பாகம் சமரசம் செய்கிறது. குடியேற்றங்களுக்கு ஒரு வரம்பு உண்டு, மீறினால் மகிழ்ச்சி குறையும். புதிய குடியேற்றம் சிற்றூராகவே தொடங்கி, பின்னர் தனக்கென ஒரு பணியை ஏற்றுக்கொண்டு, உணவை நகரங்களுக்கு அனுப்பும். அகலமே உயரத்துக்கு உணவளிக்கும் ஏற்பாடு இது.

ஆறாம் பாகத்தில் நான் செட்லரை நிறுத்துவது நகர எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. தொழில்நுட்பங்கள் ஏற ஏற டிஸ்ட்ரிக்ட்டின் விலையும் ஏறும். நேற்று அமைந்த நகரம் மூன்று நான்கு உற்பத்திப் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரு கேம்பஸை முடிக்க முப்பது சுற்றுகளுக்கு மேல் கேட்கிறது என்று திரை காட்டத் தொடங்கினால், அதற்குப் பிறகு வயலும் வீட்டுவசதியும்தான்.