49 நாளா, ஆறு மாசமா, நியமனமா? பேரழிவுக்கு அப்புறம் காலி சீட்டை நிரப்புறது எப்படி

ஒரு பேரழிவுல எம்எல்ஏ, எம்பி நிறைய பேர் ஒரே நேரத்துல போயிட்டா அந்த சீட்டை எல்லாம் எப்படி நிரப்புறது? அவசரமா தேர்தல் வைக்கலாம், கொஞ்சம் டைம் எடுத்து வைக்கலாம், இல்லன்னா யாரையாவது தற்காலிகமா நியமிச்சிடலாம். மழை வந்தா ரோடு துண்டாயிடுற குன்னூர்ல இருந்து பாக்கறேன், அதனால என் கணக்கு சமவெளிக்காரங்க கணக்கு மாதிரி இருக்காது.

அமெரிக்காவுல 2001 செப்டம்பர் 11 அன்னைக்கு பென்சில்வேனியாவுல விழுந்த விமானம் அவங்க நாடாளுமன்றத்தை குறி வெச்சு போனதா பரவலா நம்பறாங்க, அந்த பயத்துலதான் 2005ல சட்டம் போட்டாங்க. 435 பேர் இருக்கற பிரதிநிதிகள் சபைல 100 சீட்டுக்கு மேல காலின்னு சபாநாயகர் அறிவிச்சா 49 நாளுக்குள்ள தேர்தல் நடத்தணும், வேட்பாளரை நிறுத்த கட்சிகளுக்கு 10 நாள்தான், 75 நாளுக்குள்ள வேற தேர்தல் ஏற்கனவே இருந்தா மட்டும் விலக்கு. மேல்சபையான செனட்டுக்கு மாநில சட்டம் இடம் குடுத்தா கவர்னரே தற்காலிகமா ஒருத்தரை போடலாம், கீழ்சபையான பிரதிநிதிகள் சபைக்கு அது கிடையவே கிடையாது. அங்க கோரத்தையும், அதாவது சபை நடக்க குறைஞ்சது எத்தனை பேர் வேணும்ங்கற கணக்கையும், உயிரோட இருக்கறவங்கள வெச்சுத்தான் எண்ணுறாங்க, அப்போ மிஞ்சின கொஞ்ச பேரே சட்டம் போட்டுட முடியும், அதனாலதான் இவ்ளோ அவசரம்.

நம்மகிட்டயும் அந்த ஆபத்து இருக்கு. சட்டசபை கோரம் பத்துல ஒரு பங்கு, 234 பேர்ல 24 பேர் உக்காந்தா போதும். ஆனா இடைத்தேர்தலுக்கு மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்தோட 151ஏ பிரிவு ஆறு மாசம் டைம் குடுக்குது, மீதி பதவிக்காலம் ஒரு வருஷத்துக்கு கம்மியா இருந்தா வேணாம், கஷ்டம்னு தேர்தல் ஆணையம் மத்திய அரசுகிட்ட கலந்து சான்று குடுத்தாலும் வேணாம். எனக்கு கோவம் வர்றது அந்த கடைசி வாசல்லதான். திருவொற்றியூர், குடியாத்தம் ரெண்டும் 2020 பிப்ரவரில காலியாச்சு, கொரோனா வந்துச்சு, 2021 பொதுத்தேர்தல் வரைக்கும் நிரப்பவே இல்ல. கன்னியாகுமரி எம்பி வசந்தகுமார் 2020 ஆகஸ்ட்ல கொரோனால இறந்தார், அங்க ஓட்டு போட்டது 2021 ஏப்ரல் 6. ஆஸ்பத்திரில பெட் கிடைக்காம ஜனங்க அலைஞ்ச நேரத்துல கேள்வி கேக்க அந்த தொகுதிக்குன்னு ஆள் இல்ல.

அப்போ 49 நாள் நல்லதா? பேப்பர்ல முடியும். நம்ம சட்டப்படி மனு தாக்கலுக்கு ஏழு நாள், மறுநாள் பரிசீலனை, வாபஸுக்கு ரெண்டு நாள், அதுக்கப்புறம் குறைஞ்சது 14 நாள் கழிச்சு ஓட்டு, மொத்தம் 24 நாள்ல முடிச்சிடலாம். ஆனா மலைல பூத் எங்க போடுவீங்க? பூத் போடற அதே அரசு ஸ்கூல்லதான் மண்சரிவுல வீடு போனவங்க பாய் விரிச்சு படுத்திருப்பாங்க, பெஞ்சு எல்லாம் வராண்டாவுல அடுக்கி, கரும்பலகை ஓரமா துணி காயும். அவங்கள எங்க அனுப்பறது? எஸ்டேட் தொழிலாளர்களோட லைன் வீட்டோட ஓட்டர் ஐடியும் போயிருக்கும், லிஸ்ட்ல பேரு ஒரு ஊர்ல, ஆளு சொந்தக்காரங்க வீட்ல வேற ஊர்ல.

மழையும் ஒரே மாதிரி இல்ல. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன்ல இருந்தே கொட்டும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 91 செ.மீ. எங்க குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் வடகிழக்கு பருவமழைதான் ஆபத்து, 2009 நவம்பர்ல நாப்பது பேருக்கு மேல மண்ணுக்குள்ள போனது அப்பதான். ஜூலை கடைசில அழிவுன்னா 49 நாள் செப்டம்பர் நடுவுல முடியும், கூடலூர்ல அப்பவும் குடை மடக்க முடியாது.

பக்கத்து வயநாட்டுல 2024 ஜூலை 30 நிலச்சரிவு, எம்பி சீட் அதுக்கு முன்னாடியே ராகுல் காந்தி விட்டதுல காலி, ஓட்டு நவம்பர் 13. மூணரை மாசம் ஆகியும் ஏப்ரல்ல 73 சதவீதம் போட்ட தொகுதி 65ஐ தொடல. அது முழுக்க நிலச்சரிவாலன்னு சொல்ல மாட்டேன், ஒரே வருஷத்துல ரெண்டாவது ஓட்டு வேற. ஆனா முகாம்ல இருக்கறவங்கள 49 நாள்ல பூத்துக்கு கூட்டிட்டு வந்துடலாம்னு என்னால நம்ப முடியல.

நியமனம் எனக்கு சுத்தமா வேணாம். 2016 அக்டோபர்ல இருந்து 2019 கடைசி வரைக்கும் உள்ளாட்சி தேர்தல் நடக்காம எங்க ஊராட்சியெல்லாம் அரசு நியமிச்ச தனி அலுவலர் கையில இருந்துச்சு. தண்ணி வரலன்னு சொல்ல வார்டு மெம்பர் வீட்டு கதவை தட்ட முடியல, மனு எழுதிட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கணும். தற்காலிகம்னு ஆரம்பிச்சது மூணு வருஷம் ஓடுச்சு. ஃபிரான்ஸ்ல வேட்பாளரோடயே ஒரு மாற்று ஆளையும் சேத்து ஓட்டு வாங்கறாங்க, எம்பி இறந்தா அவர் வந்துடுவார், நியமனத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனா ரெண்டு பேரும் ஒரே மேடைல இருக்கும்போது அழிவு வந்தா?

என் ஓட்டு ஆறு மாச தேர்தலுக்கு, ரெண்டு திருத்தத்தோட. கஷ்டம்னு சான்று குடுத்தா அதுலயே அடுத்த தேதியும் இருக்கணும், அந்த தேதியும் மூணு மாசம் தாண்டக்கூடாது. முகாம்ல இருக்கறவங்க பழைய பூத்துக்கு போகாம முகாம்லயே ஓட்டு போடற மாதிரி தனி பூத் வேணும், எந்த ஸ்கூல் முகாம், எந்த ஸ்கூல் பூத்னு கலெக்டர் ஆபீஸ்ல மே மாசமே பிரிச்சு வெச்சிடணும்.