மொரிஸ் மைனர் காரின் பின் அக்சலை மாற்றுகிறவர்கள் கவனிக்கவும்

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள், அதிலும் நம் மலைநாட்டில் வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஒரு கராஜில் 4.22 அக்சல் என்று சொல்லி என்னிடம் 135,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 5.375 அக்சலைப் பூட்டி அனுப்பிவிட்டார்கள் (இந்த எண்கள் அக்சலின் பல்சக்கர ரேஷியோ, கீழே சொல்கிறேன்). அது தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

எங்களுடையது 1961ஆம் ஆண்டு வண்டி, அப்பா வாங்கியது. 948 சிசி எஞ்சினோடு வந்ததால் டிஃப், அதாவது பின் அக்சலின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி, 4.55. சக்கரம் ஒரு தடவை சுற்ற, கியர் பொக்ஸிலிருந்து பின் அக்சலுக்கு வரும் தண்டான புரப்பெல்லர் ஷாஃப்ட் நாலரைத் தடவைக்குச் சற்று மேலே சுற்ற வேண்டும். இந்த எண் கூடினால் ஏற்றத்தில் இழுவை கூடும், ஆனால் சமதரையில் எஞ்சின் அதிகம் சுற்றிக் கத்தும். பிற்காலத்தில் அப்பா 1098 சிசி எஞ்சின் போட்டார். 1962இல் கம்பனியே அந்த எஞ்சினைப் போட்டபோது டிஃப்பை 4.22 ஆக்கியது. எங்கள் வண்டியில் மட்டும் பழைய அக்சலே இருந்தது.

மகள் கொழும்பில் படிக்கிறாள். மாதம் இரண்டு தடவையாவது ஹட்டனிலிருந்து இறங்க வேண்டும். கித்துல்கல தாண்டிச் சமவெளி வந்ததும் எஞ்சின் கத்துவது பொறுக்க முடியாமல் இருந்தது. டிஃப்பும் லேசாக ஊளையிட ஆரம்பித்திருந்தது. சரி, மாற்றுவதோடு மாற்றுவோம், 4.22 ஆகவே போடுவோம் என்று ஒரு கராஜுக்குப் போனேன். "1098 மைனரிலிருந்து கழற்றிய முழு அக்சல் இருக்கிறது அண்ணே, பழையதை வைத்துவிட்டுப் போங்கள், விலையில் குறைத்துத் தருகிறேன்" என்றார் பாஸ். கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதிதுபோல வைத்திருந்தார். 4.22தானா என்று நான் சுற்றை எண்ணிப் பார்க்கவில்லை. பில்லில் "பின் அக்சல் மாற்றியது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னை ஏமாற்றியது அந்த பாஸ் மட்டுமில்லை, நம் மலையும்தான். மறுநாள் நுவரெலியாவுக்கு ஏறினேன். தலவாக்கலை தாண்டி, மூன்றாம் கியரில் மூச்சு வாங்கும் ஏற்றங்களில்கூட வண்டி ஓடித் திரிந்தது. ஊளைச் சத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். 4.22 போட்டால் ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையத்தான் வேண்டும். கூடியிருக்கிறதே, ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அவிசாவளை தாண்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. எஞ்சின் முன்னைவிட மோசமாகக் கத்துகிறது. ஸ்பீடோ மீட்டர் 50 மைல் காட்டுகிறது, ஆனால் முச்சக்கர வண்டிகள் என்னைத் தாண்டிப் போகின்றன. மைனரில் ஸ்பீடோ கேபிள் கியர் பொக்ஸிலிருந்து வருவதால் அது சக்கரத்தை எண்ணுவதில்லை, ஷாஃப்டைத்தான் எண்ணும். திரும்பி வரும்போது வீதியோரக் கிலோமீட்டர் கற்களை மகளை எண்ணச் சொன்னேன். மீட்டர் பழைய 4.55 டிஃப்புக்கு அமைந்தது என்பதால், 16 கிலோமீட்டருக்கு, அதாவது 10 மைலுக்கு, 4.22 டிஃப் என்றால் மீட்டரில் ஒன்பதே கால் மைல்தான் ஓட வேண்டும். எங்களுக்கு ஓடியது கிட்டத்தட்ட 12 மைல்.

பழைய காலத்தில் தோட்டத்து லொறி ஓட்டிய ஒரு மாமா எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் சமதரை கிடைப்பது கஷ்டம். கோயில் முற்றத்தில்தான் நிறுத்தினோம். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜக்கில் தூக்கினோம். டயரிலும் ஷாஃப்டிலும் சோக்கால் கோடு போட்டார். "தம்பி, சக்கரத்தை மெதுவாகச் சரியாக ரெண்டு சுற்று சுற்று" என்று சொல்லிவிட்டு, அடியில் படுத்துக்கொண்டு எண்ணினார். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. நாலே காலுக்குச் சற்றுக் குறைவாக வந்திருக்க வேண்டும். ஐந்து சுற்று முடிந்து ஆறாவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்த்தான் கோடு நின்றது. மாமா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இது ஐம்பதுகளில் வந்த 803 எஞ்சின் மைனரின் சாமான்" என்றார்.

சந்தேகம் இருக்கக்கூடாது என்று ஒயிலை இறக்கினோம். டிஃப்புக்கு ஊற்றும் இபி 90 ஒயில் கண்ணாடிபோலத் தெளிவாக விழ வேண்டிய இடத்தில் கூழாக விழுந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் மரத்தூள்! தேய்ந்த டிஃப்பின் ஊளையைச் சில வாரங்களுக்கு அடக்க இப்படிச் செய்வார்களாம். டிஃப்பிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்டுகளை உருவி டிஃப்பைக் கழற்றிப் பற்களை எண்ணினோம். பெரிய சக்கரமான க்ரவுண் வீலில் 43 பல், அதைச் சுற்றும் சிறிய பினியனில் 8 பல். வகுத்துப் பாருங்கள், 5.375. பினியன் பற்களின் ஓரங்கள் உதிரத் தொடங்கியிருந்தன. அப்படியே ஓட்டியிருந்தால் கினிகத்தேனை வளைவுகளில் எங்காவது இறுகி நின்றிருக்கும். பின் சீட்டில் என் பிள்ளை இருந்திருப்பாள்.

கராஜுக்குப் போய்க் கேட்டபோது, "மலைக்கு இதுதானே அண்ணே நல்லது, நன்றாக ஏறியதுதானே?" என்றார். பில்லைக் காட்டினேன். 4.22 என்று அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பழைய அக்சலையாவது கொடுங்கள் என்றேன். இரும்புக்குப் போட்டாயிற்றாம். நான் நம்பவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார் சாமானின் விலை எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். ஊளை இருந்தாலும் அது பெயரிங் மாற்றினால் ஓடக்கூடிய அக்சல்.

பணம் போனதைவிட அந்த அக்சல் போனதுதான் எனக்கு வலிக்கிறது. அப்பா ஒவ்வொரு தடவை பெயரிங் மாற்றும்போதும் ஒயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் உளியால் ஒரு கோடு வெட்டுவார். மூன்று கோடுகள், நடுக்கோடு சற்றுச் சாய்ந்திருக்கும். கண்டி, கம்பளைப் பக்கம் பழைய சாமான் கடைகளில் யாராவது மைனர் அக்சல் காட்டினால், பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி அந்த இடத்தைப் பாருங்கள். கோடுகள் இருந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள். என்ன விலை கேட்டாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.