ஜூலிக்கும் மிளகுக்கும் பல் தேய்த்துப் பார்த்ததில்: எது உதவியது, எது வீண்

பொறுமையில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்கு வீட்டில் பல் தேய்ப்பது நிச்சயம் பலன் தருகிறது, ஆனால் தினமும் செய்தால்தான். பூனைக்கும் பலன் உண்டு, பூனை எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு. இதற்கென்று விற்கும் சாமான்களில் பாதிக்குமேல் தேவையே இல்லை. நாலைந்து வருஷமாகத் திருச்சியில் ஒரு நாயையும் ஒரு பூனையையும் வைத்துக்கொண்டு இதைச் செய்து வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்வது இது.

நாய் ஜூலி. ஒன்பது வயது வெள்ளை ஸ்பிட்ஸ். வாங்கும்போது பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். சின்ன வாய்க்குள் 42 பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் இந்த மாதிரி சின்ன இன நாய்களுக்குப் பல் தொல்லை சீக்கிரமே வந்துவிடும். பூனை மிளகு, மழைக்கு ஒதுங்கி வந்து அப்படியே தங்கிவிட்ட நாட்டுப் பூனை. அவளுக்கு 30 பற்கள், எல்லாமே என் கைமேல் பதியத் தெரிந்தவை.

ஜூலியின் வாய் நாற்றத்தைப் பற்றி வீட்டில் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. நாய் வாய் நாறத்தானே செய்யும் என்பது பொதுக் கருத்து. தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் அவள் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்தாடையின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல்மேல் பழுப்பு ஓடு மாதிரி காரை, அதன் மேல்விளிம்பில் ஈறு ரத்தச் சிவப்பு. நாற்றம் வயிற்றிலிருந்து வரவில்லை, அங்கிருந்துதான் வருகிறது என்றார்.

அவர் விளக்கியது எனக்கு இன்றுவரை உதவுகிறது. எச்சிலில் உள்ள புரதமும் கிருமிகளும் சேர்ந்து பல்மேல் வழவழப்பான படலமாகப் படியும். துடைத்தெடுத்தாலும் சில மணி நேரத்திலேயே மறுபடி படியத் தொடங்கிவிடும். எச்சிலிலுள்ள கால்சியம் அதில் இறங்கி இரண்டு மூன்று நாளில் காரையாக இறுக ஆரம்பிக்கும். படலத்தை பிரஷ் எடுத்துவிடும், காரையை எடுக்காது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் கணக்கில் வாரம் ஒருமுறை தேய்ப்பதில் பிரயோஜனம் இல்லை. தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஈறு சிவந்திருக்கும் கட்டம்வரை பழைய நிலைக்குத் திரும்பலாம். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் போன எலும்பு போனதுதான்.

எனவே ஜூலிக்கு முதலில் நடந்தது பிரஷ் இல்லை, ஸ்கேலிங். ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, மூச்சுக்குழாயில் குழாய். கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே காரையை உடைக்கும், அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகாமல் இருக்கத்தான் அந்தக் குழாய். ஆடிக்கொண்டிருந்த இரண்டு முன்பற்களையும் எடுத்தார்கள். மயக்கமே இல்லாமல் அரை மணி நேரத்தில் சுரண்டிக் கொடுக்கிறோம் என்று குளிப்பாட்டி முடிவெட்டும் கடை ஒன்றில் சொன்னார்கள், போகவில்லை. வெளியே தெரியும் காரையை மட்டும் சுரண்டினால் பல் பளிச்சென்று இருக்கும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பும் இந்த முறையை ஏற்பதில்லை.

ஈறு ஆறிய பிறகு சாமான் வாங்கும் படலம். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ்ஷைத்தான் எல்லோரும் முதலில் வாங்குவார்கள், நானும் வாங்கினேன். நாய்க்குட்டியின் வாயைப் பழக்குவதற்கு அது சரி. மற்றபடி அந்தத் தடித்த முள் ஈறும் பல்லும் சேரும் விளிம்புக்குள் இறங்குவதே இல்லை, வேலை நடக்க வேண்டிய இடமோ அதுதான். விரல் வேறு கடைவாய்க்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. இருபக்கமும் தலை உள்ள நீளப் பிரஷ்ஷில் பெரிய தலை லாப்ரடாருக்கு ஆகும், ஜூலி கன்னத்துக்குள் நுழையாது. சிறிய தலை பரவாயில்லை, ஆனால் முள் விறைப்பு. கடைசியில் ஜெயித்தது மருந்துக்கடையில் கைக்குழந்தைகளுக்கு விற்கும் மிக மென்மையான பிரஷ். விலையும் குறைவு, முள் சாய்ந்ததும் தூக்கிப்போட மனசு வரும். நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று, தனித்தனியாக. ஒன்றையே இரண்டுக்கும் போட்டால் ஒருவர் வாய்க் கிருமி இன்னொருவருக்குப் போகும்.

பேஸ்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நாயும் பூனையும் துப்பாது, போட்டதெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். நம் பேஸ்ட்டில் ஃபுளோரைடும் நுரைக்கும் பொருளும் இருக்கின்றன. சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கும். அது நாய்க்கு விஷம், கொஞ்சம் போனாலே ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், கல்லீரலும் கெடலாம். உப்பு, சோடா உப்பு, கரித்தூள் எதுவும் வேண்டாம். பாட்டி வைத்தியமாகக் கிராம்பு எண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பூனையின் கல்லீரலுக்கு அந்த வகைப் பொருளைச் சமாளிக்கும் சக்தி மிகக் குறைவு, கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். நான் விர்பாக் சி.இ.டி. என்ற பேஸ்ட்டைக் கோழிச் சுவையில் வாங்குகிறேன். நுரைக்காது, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற நொதிகள் சேர்த்தது. நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைவிட, டப்பா மூடி திறக்கும் சத்தத்துக்கே ஜூலி ஓடி வருகிறாள் என்பதுதான் எனக்கு முக்கியம். சுத்தம் செய்வது என்னவோ பிரஷ்ஷின் உரசல்தான்.

பழக்கியது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதலில் சில நாள் பேஸ்ட்டை விரலில் வைத்து நக்க மட்டும் விட்டேன். பிறகு நக்கும்போதே உதட்டைத் தூக்கி இறக்குவது. அப்புறம் விரலால் ஈறு ஓரமாக ஒரு தடவல். பிரஷ் அதற்கும் பிறகுதான் வந்தது. அவசரப்படாத வரைக்கும் எந்தச் சண்டையும் இல்லை. நேரம் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்: ராத்திரி வாக்கிங் கிளம்புவதற்குச் சரியாக முன்னால். தேய்த்து முடிந்தால் சங்கிலி மாட்டுவான் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அவளே கதவருகே வந்து வாயைக் காட்டிக்கொண்டு உட்காருவாள்.

வாயைத் திறக்கவே வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வாய் மூடியிருக்க, உதட்டோரத்தைப் பின்னுக்குத் தள்ளி, பிரஷ்ஷைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, முள் ஈறு விளிம்பைப் பார்த்து 45 டிகிரி சாய்ந்திருக்கும்படி சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். நேரம் குறைவென்றால் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்துக்கே அதைச் செலவிடுங்கள், எச்சில் நாளம் திறப்பது அங்கேதான், காரை முதலில் கட்டுவதும் அங்கேதான். முன்பல்லைப் பளபளவென்று தேய்த்து வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்துக்கு அரை நிமிஷம் ஒதுக்கினாலே தாராளம்.

மிளகு விஷயம் வேறு. பிடித்து வைத்துக்கொண்டு தேய்க்கலாம் என்று நினைப்பவர் பூனை வளர்க்காதவராக இருக்க வேண்டும். மதியத் தூக்கம் கலைந்தும் கலையாமலும் வாஷிங் மிஷின் மேல் படுத்திருப்பாளே, அந்த நேரம்தான் எனக்கு. பேஸ்ட்டை அவள் ஒருநாள் நக்குவாள், மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் டாக்டர் சொன்ன வழிக்கு மாறினேன்: உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் மீன் வேகவைத்த தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்ப்பது. சங்கரா மீன் தண்ணீர் என்றால் தானே கிட்டே வருகிறாள். பின்னாலிருந்து தலையை லேசாக அணைத்துக்கொண்டு ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம். வால் அடிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுபக்கம் மறுநாள்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீரில் கலக்கும் திரவத்தை ஒரு பாட்டில் முழுக்கப் பயன்படுத்தினேன், ஜூலி பல்லில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மிளகு அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். பூனை ஏற்கெனவே குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும், அதையும் கெடுக்க வேண்டாமென்று மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றினேன். மெல்லும் குச்சிகளில் வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1997 முதல் இருக்கும் அமெரிக்க அமைப்பு அது, சோதனை முடிவு காட்டிய பொருளுக்குத்தான் முத்திரை தருகிறது. முத்திரை இருந்தாலும் குச்சியில் கலோரி உண்டு, ஸ்பிட்ஸ் குண்டாக அதிக நாள் ஆகாது. சாதாரண உலர் தீவனம் பல்லைச் சுத்தம் செய்யும் என்பதில் பெரிய அர்த்தமில்லை, கடித்ததுமே அது பொடிந்துவிடுகிறது. பல்லுக்கென்றே பெரிய துண்டாக, நார் அமைப்போடு செய்த உணவு தனி ரகம். எலும்பு, மான் கொம்பு, கெட்டி நைலான் பொம்மை வேண்டவே வேண்டாம், மேல் கடைவாய்ப் பல் பாளமாகப் பெயர்ந்துவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எதுவும் வாய்க்குக் கெட்டி என்பதுதான் என் அளவுகோல்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் வேடிக்கை. "தெருநாயெல்லாம் பிரஷ் வெச்சுக்கிட்டா திரியுது? நீ முதல்ல ராத்திரி பல் தேய்ச்சியாடா?" என்று கேட்பார். தெருநாய்க்கும் பல் சொத்தையும் சீழும் வரத்தான் செய்கின்றன, யாரும் அதன் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். இப்போது நான் ஊருக்குப் போகும் நாட்களில் அம்மாதான் தேய்க்கிறார். பிரஷ் பிடிக்க வரவில்லை என்று பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றித் துடைக்கிறார். பிரஷ் அளவுக்கு ஈறு விளிம்புக்குள் போகாது, ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பலன் என்ன? ஜூலிக்கு அந்த முதல் ஸ்கேலிங்குக்குப் பிறகு இதுவரை இன்னொன்று தேவைப்படவில்லை. கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது, அங்கே அவள் விடுவதில்லை. ஈறு வெளிர் சிவப்பாக இருக்கிறது, கட்டிலில் பக்கத்தில் படுத்தாலும் யாரும் எழுந்து ஓடுவதில்லை. மயக்க மருந்துக்கே பயந்துகொண்டிருந்த எனக்கு, வயதான நாய்க்கு அதை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதே பெரிய லாபம். பணக் கணக்கிலும் அந்த ஒரு ஸ்கேலிங் செலவில் சில வருஷப் பேஸ்ட் வாங்கிவிடலாம்.

மிளகுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒழுங்காகத் தேய்த்து வந்தபோதே கீழ்த்தாடையில் ஒரு பல் கரைய ஆரம்பித்தது. பூனைகளுக்குச் சகஜமாக வரும் நோய் இது, பல்லின் கெட்டியான திசுவை உடம்பே அரித்துவிடும். ஏன் என்று இன்னும் தெளிவில்லை, பிரஷ்ஷால் தடுக்கவும் முடியாது. ஈறு பல்மேல் ஏறி வளர்ந்ததுபோல் இருந்தது, பிரஷ் பட்டதும் தாடை வெடவெடவென்று நடுங்கியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துப் பல்லைப் பிடுங்கினார்கள். தினம் வாய்க்குள் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் அவள் வலியை மறைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பாள், பூனைக்கு அது கைவந்த கலை.

தேய்க்கவே கூடாத நேரமும் உண்டு. பூனையின் தொண்டையோரம்வரை செக்கச் செவேலென்று புண்ணாகியிருந்தால், குட்டிக்குப் பால்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தால், பல் எடுத்த தையல் ஆறாமலிருந்தால் பிரஷ்ஷை மூடி வைத்துவிடுங்கள். நாய் ஒரே பக்கமாக மென்றாலோ, கெட்டித் தீனியை வாயில் எடுத்துக் கீழே போட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியிருந்தால் அந்தப் பெரிய மேல்பல்லின் வேரில் சீழ் பிடித்திருக்கக்கூடும். கண்ணில் ஏதோ கடித்துவிட்டது என்று சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வண்டியை எடுங்கள்.