கோத்தகிரியில எங்க வீட்டு வேலை லிஸ்ட்: நெக்ஸ்ட்கிளவுடும் டாஸ்க்ஸ்.ஆர்க்கும் ஒரு வருஷம் ஓட்டின அனுபவம்

கோத்தகிரி பக்கத்துல எங்களுக்கு மூணு ரூம் ஹோம்ஸ்டே, கூடவே கொஞ்சம் தேயிலை. நானும் வீட்டுக்காரரும் அத்தையும், சமையலுக்கு ஒரு அக்கா, தோட்டத்துக்கு ஒரு அண்ணன், சீசன்ல கொழுந்தனாரும் வந்து நிப்பாரு. ஆறு பேருதான், ஆனா கெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி நீலகிரிக்குள்ள வெளியூர் வண்டி வர வேண்டிய ஈ-பாஸ் எடுத்துட்டாங்களான்னு கேக்கணும் (2024 மே 7லேருந்து இது கட்டாயம், இன்னமும் பாதிப்பேரு தெரியாமயே கிளம்பி வர்றாங்க), பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வராதீங்கன்னு சொல்லணும், இலை பறிச்ச நாள்ல சாயங்காலம் இலை வண்டிக்கு மூட்டை ரெடியா நிக்கணும், மறுநாளைக்கு வச்சா இலை சூடாகி கெட்டுப்போகும், அத்தைக்கு மாத்திரை வாங்கணும், இதெல்லாம் யாரோ ஒருத்தர் மண்டையில மட்டும் இருந்தா ஒண்ணு கட்டாயம் விட்டுப்போயிரும்.

முன்னாடி ஒரு இலவச ஆப் வச்சிருந்தோம், பேர் வேண்டாம். அதுல லிஸ்ட்ட பகிரணும்னா ஒரு லிங்க் வரும், லிங்க் கையில இருந்தா யாரு வேணா திறந்து பாக்கலாம். அத்தை அத தெரியாம சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல பார்வர்ட் பண்ணிட்டாங்க. அந்த லிஸ்ட்ல காய்கறியும் இருந்துச்சு, நகைக்கடனுக்கு வட்டி கட்டவேண்டிய தேதியும் இருந்துச்சு, அத்தையோட ஸ்கேன் தேதியும் இருந்துச்சு. ஒரு வாரம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போன் போட்டு விசாரிச்சாங்க, அத்தை சரியா சாப்பிடவே இல்ல. தப்பு அவங்க மேல இல்லங்க, வீட்டு விஷயத்த அப்படி ஒரு லிங்க்ல தொங்க விட்டதுதான் தப்பு.

அதுக்கப்புறம்தான் கொழுந்தனார் ராஸ்பெர்ரி பைன்னு ஒரு கையளவு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கி ஹால் அலமாரியில வச்சு அதுல நெக்ஸ்ட்கிளவுட் போட்டாரு, நம்ம லிஸ்ட்டயும் பைலயும் நம்ம சொந்த பெட்டியிலயே வச்சு பகிர்ற சாப்ட்வேர் அது. ஆளுக்கு ஒரு யூசர், ஆண்ட்ராய்டு போன்ல டாஸ்க்ஸ்.ஆர்க்குன்னு ஒரு வேலை லிஸ்ட் ஆப், எங்க வீட்டுக்காரர் ஐபோன்ல புதுசா ஆப்பே போடல, அதுலயே இருக்கிற ரிமைண்டர்ஸ்ல கால்டேவ் அக்கவுண்ட்னு சேத்தா போதும். கால்டேவ்ங்கறது காலண்டரையும் வேலை லிஸ்ட்டையும் சர்வரோட பரிமாறிக்க 2007ல வந்த பொது முறை, எந்த கம்பெனிக்கும் சொந்தமில்ல, அதனாலதான் வேற வேற ஆப்பும் ஒரே லிஸ்ட்ட படிக்குது. எனக்கு இது ரொம்ப முக்கியமா பட்டுச்சு. வுண்டர்லிஸ்ட்டுன்னு ஒரு வேலை லிஸ்ட் ஆப்ப 2015ல மைக்ரோசாப்ட் வாங்கி 2020 மே மாசம் மூடினாங்க, அதே மாதிரி ஆஸ்ட்ரிட்ட 2013ல யாஹூ வாங்கி அந்த வருஷமே மூடினாங்க. ஆஸ்ட்ரிட் கோடு யார் வேணா எடுத்து மாத்திக்கிற திறந்த மூலமா இருந்ததாலதான் அதுலேருந்து இந்த டாஸ்க்ஸ்.ஆர்க்கே வந்துச்சு.

இப்ப எங்ககிட்ட நாலு லிஸ்ட் இருக்கு. சமையல் லிஸ்ட் அக்காவுக்கும் எனக்கும் மட்டும், தோட்டம் அண்ணனுக்கும் வீட்டுக்காரருக்கும், ரூம் லிஸ்ட் எல்லாருக்கும், வீடுன்னு ஒண்ணு குடும்பத்துக்குள்ள மட்டும். எந்த லிஸ்ட் யாருக்குன்னு யூசர் பேர் போட்டுத்தான் பகிர்றோம், பாக்க மட்டும் விடலாம், மாத்தவும் விடலாம். அக்கா போன திறந்தா அவங்க வேலை மட்டும்தான் இருக்கும், எங்க கடன் கணக்கு அவங்களுக்கு சுமையா வந்து நிக்காது, அவங்களுக்கும் அது மரியாதைன்னு நான் நெனைக்கிறேன். எழுத்து அவங்களுக்கு வேகமா வராது, அதனால கீபோர்டுல மைக்க தொட்டு "கேரட் ரெண்டு கிலோ"ன்னு சொல்லிடுவாங்க.

மலையில இருக்கறவங்களுக்கு பெரிய உபகாரம், நெட் இல்லாமயும் ஓடும். தோட்டத்துல கீழ் வரிசைக்கு எறங்கிட்டா சிக்னல் ஒண்ணும் இருக்காது, ஐப்பசி கார்த்திகை மழையில வீட்டுலயே ரெண்டு நாள் நெட் போயிரும், அப்பவும் லிஸ்ட் போன்லயே இருக்கறதால டிக் பண்ணலாம், மேல ஏறி வந்ததும் தானா போய் சேந்துக்கும். ஒவ்வொரு வேலையும் தனி பைலா போறதால அண்ணன் ஒண்ண டிக் பண்ண நான் இன்னொண்ண டிக் பண்ணா மோதாது, ஒரே வேலைய ரெண்டு பேரும் மாத்தினா மட்டும் ஒருத்தர் எழுதினது போயிரலாம்.

ஆனா உடனுக்குடனே வந்து நிக்கும்னு நம்பிடாதீங்க. ஒரு தடவ ராத்திரி கெஸ்ட் வந்து நின்னாங்க, வெந்நீர் பாய்லர் பத்தவைக்கணும்னு நான் மத்தியானமே போட்டிருந்தேன், அக்கா போன்ல பேட்டரி சேவர் ஆப்ப தூங்க வச்சிருச்சு, அவங்களுக்கு வந்து சேரவே இல்ல. கைக்குழந்தையோட வந்தவங்க, எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. இப்ப எல்லார் போன்லயும் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்ட எடுத்துவிட்டாச்சு, அவசரம்னா லிஸ்ட்ட நம்பாம போன்தான். இன்னொரு குறை, இந்த வேலை இன்னாருக்குன்னு ஒதுக்க நெக்ஸ்ட்கிளவுட்ல இருக்கிற டாஸ்க்ஸ் பகுதியில தனி வசதி இல்ல, நாங்க ஆள் பேர டேக்கா போட்டு சமாளிக்கிறோம்.

போட்ட புதுசுல நாத்தனார் ஊருக்கு வந்திருந்தப்போ கேட்டாங்க, "அப்போ தம்பி நெனைச்சா நம்ம எழுதறது எல்லாத்தையும் படிக்க முடியுமா அண்ணி?"ன்னு. முடியும். இந்த லிஸ்ட்டுங்க போற வழியில தான் பூட்டு, பெட்டிக்குள்ள போயிட்டா நிர்வாகம் பண்றவர் பாக்கலாம். கொழுந்தனாரும் அத மறைக்காம அவங்க முன்னாடியே சொன்னாரு. அதனால யாருக்கும் தெரியவேண்டாங்கறத டாஸ்க்ஸ்.ஆர்க்லயே போன்ல மட்டும் நிக்கிற லிஸ்ட்டா வச்சுக்கறோம். சர்வர் யார் வீட்டுல இருக்குன்னு பாக்குறத விட அத யார் கையில குடுக்குறீங்கங்கறத மொதல்ல உக்காந்து பேசுங்க, எங்க வீட்டுல அந்த பேச்சு நடந்தது நல்லதுக்குத்தான்.

செலவு, பெட்டி, எல்லாத்தையும் சேமிக்கிற எஸ்எஸ்டி, கரண்ட் போனா தாங்க சின்ன யூபிஎஸ் எல்லாம் சேத்து பத்தாயிரத்துக்கு கொஞ்சம் மேல. டாஸ்க்ஸ்.ஆர்க்க எஃப்-டிராய்டுங்கற திறந்த மூல ஆப் கடையிலேருந்து போட்டா காசில்ல, பிளே ஸ்டோர்லேருந்துன்னா நம்ம சர்வரோட லிஸ்ட்ட இப்படி சேத்துக்கறதுக்கு சந்தா கட்டணும். வெளியூர்லேருந்து வீட்டு பெட்டிய எட்ட டெயில்ஸ்கேல்னு ஒரு தனி வழி போடுற ஆப் போட்டிருக்கோம், அது ஒவ்வொரு போன்லயும் ஓடணும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல இல்லன்னா இத நீங்களே ஆரம்பிக்காதீங்க, மொத ரெண்டு வாரம் கொழுந்தனார் இல்லன்னா எங்களால முடிஞ்சிருக்காது.

மாசத்துக்கு ஒரு தடவ எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல எடுத்து மேட்டுப்பாளையத்துல அம்மா வீட்டுல வச்சிடறோம். போன மாசம் அதுலேருந்து திருப்பி ஏத்திப் பாத்தோம், பழைய இலைக்கணக்கு வரைக்கும் அப்படியே வந்துச்சு.